14 கணனிகளை எடுத்துவிட்டு ஒரு சேர்வரும் தின் கிளையன்டும் போடலாமா? (கிளியரிங் அலுவலகம், கொழும்பு 13)

கொட்டாஞ்சேனை_கணக்கு எழுதியது:

வணக்கம். கொட்டாஞ்சேனையில் ஒரு கிளியரிங் அன்ட் ஃபோர்வர்டிங் (வாடிக்கையாளரின் சரக்கைச் சுங்கத்தில் இருந்து விடுவித்துக் கொடுக்கும்) அலுவலகத்தில் 24 வருடமாகக் கணக்குப் பகுதியில் இருக்கிறேன். கணனி படித்தவள் அல்ல. எங்களிடம் தனியாக ஐ.டி. ஆள் கிடையாது. அதனால் பாஸ்வேர்ட் மறந்தாலும் பிரிண்டரில் கடதாசி சிக்கினாலும் எல்லோரும் என் மேசைக்குத்தான் வருவார்கள். இப்போது முதலாளி ஒரு பெரிய முடிவை என்னிடம் விட்டிருக்கிறார். தப்பாகிவிடக் கூடாது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வார்ஃப் வேலை பார்க்கும் பெடியன் ஒருவனுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கப்பல் வருவதை அறிவித்துக் கப்பல் கம்பனி அனுப்பும் அரைவல் நோட்டீஸ் மாதிரியே இருந்தது. கப்பலின் பெயர் இருந்தது, பயண இலக்கம் இருந்தது. எங்களுக்கு அப்படி ஒரு நாளைக்கு இருபது முப்பது வரும். ஸிப்பைத் திறந்தான், உள்ளே இருந்ததை இரண்டு தரம் அழுத்தினான், ஒன்றும் வரவில்லை, அடுத்த மின்னஞ்சலுக்குப் போய்விட்டான். பதினொன்றரைக்கு நான் கணக்கு மென்பொருளான டேலியைத் திறந்தால் பட்டியலில் எங்கள் கம்பனியின் பெயரே இல்லை. பொது ஃபோல்டரைப் பார்த்தேன். எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் விளங்காத எழுத்துகள். ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் காசு கேட்டு ஒரு கடிதம்.

அன்றைக்கு 6 கொன்டெய்னருக்குச் சுங்கப் பிரகடனம், நாங்கள் கஸ்டெக் என்று சொல்வது, சுங்கத்தின் கணனி முறைமையான அசிக்குடாவில் போட வேண்டியிருந்தது. இன்வொய்ஸ், பெக்கிங் லிஸ்ட், பி.எல். (கப்பல் சரக்குச் சீட்டு) எல்லாம் ஸ்கேன் செய்து அந்தப் பொது ஃபோல்டரில்தான் கிடந்தன. வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராக அழைப்பெடுத்துத் திரும்ப அனுப்பச் சொன்னோம். 3 நாள் போனது. இரண்டு கொன்டெய்னருக்கு டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், விழுந்து, அதை முதலாளி தன் கையால் கட்டினார். டேலியின் 11 நாள் பழைய பேக்கப் ஒன்று என் கைப்பையில் இருந்த பென்ட்ரைவில் தப்பியிருந்தது. 11 நாள் வவுச்சர்களை இரவு எட்டு மணி வரை இருந்து மறுபடி அடித்தோம். அந்தப் பெடியன் அழுதுவிட்டான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதே மின்னஞ்சல் எனக்கு வந்திருந்தால் நானும் திறந்திருப்பேன்.

எங்கள் கணனிகளின் நிலை இது. மொத்தம் 14. அதில் 5 இன்னும் விண்டோஸ் 7. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. மிச்சம் 9 விண்டோஸ் 10; அதுவும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கேட்டுப் பார்த்தேன். எங்களுடையவை ஆறாம் தலைமுறை புரொசசர். விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், ஆகவே மெஷினையே மாற்றத்தான் வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு மேசைக்குக் கீழும் ஒரு சின்ன யூபிஎஸ் இருக்கிறது. பாதிக்கு மேல் பேட்டரி செத்தவை. கரண்ட் போனால் அதோடு அவையும் போய்விடும்.

இப்போது ஒருவர் வந்து, 14 கணனிக்குப் பதிலாக ஒரு சேர்வரும் மேசைக்கு ஒரு சின்னப் பெட்டியும் (அதைத்தான் தின் கிளையன்ட் என்கிறார்கள்) போடலாம் என்று மதிப்பீடு தந்திருக்கிறார். "இதைப் போட்டால் வைரஸே வராது மிஸ்" என்று முதலாளிக்கு முன்னால் வைத்துச் சொன்னார். முதலாளிக்கு அது பிடித்துவிட்டது. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. 14 பேரும் ஒரே சேர்வரில் இருந்தால், அது விழும் நாளில் 14 பேரும் சும்மா இருக்க வேண்டுமே? வைரஸ் வராது என்பது உண்மையா? இதைப் போட்டு வேலை செய்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

மருதானை_சிஸ்டம் எழுதியது:

அக்கா, தின் கிளையன்ட் நல்ல வழிதான். 14 பேர் உள்ள அலுவலகத்துக்கு நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் அவர் சொன்ன காரணம் பிழை. அதை நம்பிப் போட்டால், கட்டாயம் செய்ய வேண்டிய வேலைகளை ஒருவரும் செய்ய மாட்டார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். 16 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

மேசையில் இருக்கும் பெட்டி உங்கள் தட்டச்சையும் மவுஸ் அசைவையும் சேர்வருக்கு அனுப்பும். சேர்வர் அனுப்பும் திரையைக் காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. டேலி, எக்செல், மின்னஞ்சல் எல்லாம் ஓடுவது சேர்வரில். அப்படியென்றால் அந்த அரைவல் நோட்டீஸை அந்தத் தம்பி திறந்தால் அது எங்கே திறக்கும்? சேர்வரில். யாருடைய உரிமையோடு? அவருடைய உரிமையோடு. அவர் எந்த ஃபோல்டரிலெல்லாம் எழுதலாமோ அதையெல்லாம் பூட்டிவிடும். அவருக்கு நிர்வாகி உரிமையும் கொடுத்து வைத்திருந்தால், மற்ற 13 பேரும் வேலை செய்யும் அதே மெஷின் முழுதும் அதன் கைக்குப் போய்விடும். உங்களுக்கு அன்றைக்கு நடந்ததை விட அது மோசம்.

சரி, பிறகு எதற்கு இந்த மாற்றம்? 14 இடத்தில் ஒருவராலும் ஒழுங்காகச் செய்ய முடியாத வேலையை ஓர் இடத்தில் செய்யலாம் என்பதற்காக. 2017 மே 12ஆம் திகதி, கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்கும் வனாகிரை பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதமாக அதைப் போடாமல் கிடந்த மெஷின்கள்தான் அகப்பட்டன. ஐ.டி. ஆள் இல்லாத அலுவலகத்தில் 14 மெஷினுக்கும் மாதாமாதம் திருத்தம் போடுவது யார்? ஒரே சேர்வர் என்றால் சனிக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலத்தில் முடியும்.

அந்த ஓர் இடத்தில் செய்ய வேண்டியவற்றில் முதன்மையானது, எந்த மென்பொருள் ஓடலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது. விண்டோஸ் சேர்வரிலேயே ஆப்லொக்கர் என்று ஒன்று இருக்கிறது, தனியாகக் காசு இல்லை. நிர்வாகி நிறுவி வைத்த மென்பொருள்கள் இருக்கும் ஃபோல்டர்களில் உள்ளவை மட்டும் ஓடட்டும், பாவனையாளர் தானே எழுதக்கூடிய இடங்களில், அதாவது டவுன்லோட்ஸ், டெஸ்க்டொப், டெம்ப் போன்றவற்றில் கிடக்கும் எதுவும் ஓட வேண்டாம் என்று விதி போட வேண்டும். ஸ்கிரிப்ட்களுக்கும் அதே விதி. ஸிப்புக்குள் இருந்து வந்தது பெரும்பாலும் இந்த இடங்களில் இருந்துதான் ஓடியிருக்கும். இந்த விதி இருந்திருந்தால் அந்தத் தம்பி இரண்டு தரம் அழுத்தியதும் "நிர்வாகி தடை செய்துள்ளார்" என்று ஒரு பெட்டி வந்திருக்கும். உங்கள் செவ்வாய்க்கிழமை வழமை போல முடிந்திருக்கும். மதிப்பீடு தந்தவரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். ஆப்லொக்கர் என்ற பெயரையே கேள்விப்படாதவர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

இதைப் போட்ட முதல் இரண்டு கிழமை தொல்லை இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். எங்காவது ஒரு சின்ன மென்பொருள் பாவனையாளரின் ஃபோல்டருக்குள் தன்னை நிறுவிக்கொண்டு இருக்கும், அது நிற்கும், ஆட்கள் கத்துவார்கள். முதலில் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலையில் ஓடவிட்டு, எவை எவை தடுபட்டிருக்கும் என்று பார்த்துவிட்டுப் பிறகு இறுக்குங்கள்.

அடுத்தது ஃபோல்டர் உரிமை. வார்ஃப் பகுதி ஆட்களுக்கு டேலி ஃபோல்டரில் என்ன வேலை? உங்கள் இப்போதைய அமைப்பில் டேலியைப் பல மெஷினில் இருந்து பாவிக்க அந்த ஃபோல்டரை எல்லோருக்கும் எழுதும் உரிமையோடு பகிர்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலான அலுவலகங்களில் அப்படித்தான். அதனால்தான் வார்ஃப் மேசையில் பிடித்த நெருப்பு கணக்கு மேசைக்கு வந்தது. கணக்குப் பகுதிக்கு ஒன்று, வார்ஃப் பகுதிக்கு ஒன்று என்று பிரியுங்கள்.

ஒரே இரும்புப் பெட்டி என்றாலும் அதற்குள் இரண்டு மெய்நிகர் சேர்வர்களாக, தனித்தனி மெஷின் போல ஓடும்படி, பிரித்துப் போடச் சொல்லுங்கள். விண்டோஸ் சேர்வர் ஸ்டான்டர்ட் லைசன்ஸ் ஒன்றில் இரண்டு வைக்கலாம். ஒன்றில் ஆட்கள் வேலை செய்யட்டும், மற்றதில் கோப்புகளும் பாவனையாளர் கணக்குகளும் இருக்கட்டும். ஆட்கள் நடமாடும் பக்கத்துக்கு ஏதாவது நடந்தால், நல்ல நிலையில் எடுத்து வைத்த பிரதியில் இருந்து அதை மட்டும் அன்றைக்கே எழுப்பலாம்.

பேக்கப் பற்றி. 2023 ஒகஸ்டில் எங்கள் அரசாங்கத்தின் மின்னஞ்சல்கள் இருந்த லங்கா கவர்ன்மென்ட் கிளவுடில் இதே மாதிரி கோப்புகள் பூட்டுப்பட்டது ஞாபகம் இருக்கும். மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயின. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள். அதுவும் ஓரிடத்தில் சேர்த்து வைத்த அமைப்புத்தான். பேக்கப்பும் அதே வலையமைப்பில் இருந்ததால் அதுவும் சேர்ந்து பூட்டுப்பட்டது. கழற்றி வெளியே வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இல்லை. ஓடிக்கொண்டிருந்த மின்னஞ்சல் மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, அதற்கான ஆதரவு அந்த வருடம் ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. ஓரிடத்தில் சேர்ப்பவர்கள் எல்லோரும் இதை ஒரு தரம் நினைத்துப் பார்க்க வேண்டும். இழந்தவை எங்கள் ஆட்களின் கோப்புகள், எங்கள் நாட்டின் கடிதங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது: சேர்வர் தள்ளும் பேக்கப் வேண்டாம். தனியாக ஒரு சின்ன மெஷின், வேறு பாஸ்வேர்டோடு, சேர்வரில் இருந்து தானே இழுத்து எடுக்கட்டும். அதற்கு மேல் இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க். ஒன்று இணைந்திருக்கும்போது மற்றது அலுவலகத்துக்கு வெளியே, யாராவது ஒருவருடைய வீட்டு அலுமாரியில். உங்களைக் காப்பாற்றியது கைப்பையில் இருந்த பென்ட்ரைவ்தானே. அதையே ஒழுங்குமுறையாகச் செய்யச் சொல்கிறேன்.

---

கொட்டாஞ்சேனை_கணக்கு எழுதியது:

தம்பி, மிகவும் நன்றி. இரண்டு தரம் வாசித்தேன். நீங்கள் சொன்னது சரி, டேலி ஃபோல்டர் எல்லோருக்கும் திறந்துதான் கிடந்தது.

சில சின்னக் கேள்விகள். பழைய 14 மெஷின்களையும் வீசத்தான் வேண்டுமா? இன்வொய்ஸை மூன்று பிரதியில் கார்பன் கடதாசியில் அடிக்கும் டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டர் இரண்டு இருக்கிறது. அதில்லாமல் எங்களால் முடியாது. தமிழ்க் கடிதங்கள் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் அடிக்கிறோம். அப்புறம், முதலாளி தன்னுடைய மடிக்கணனிக்கு மட்டும் எந்தத் தடையும் வேண்டாம் என்கிறார். எல்லா ஃபோல்டரும் அதில் தெரிய வேண்டுமாம்.

---

தெஹிவளை_பாவனையாளர் எழுதியது:

நான் தொழில்நுட்ப ஆள் அல்ல, 6 வருடமாக இதில் உட்கார்ந்து வேலை செய்பவள். ஏற்றுமதி அலுவலகம், 22 பேர். நாளாந்தம் எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது, எந்த மேசையில் உட்கார்ந்தாலும் என் திரை அப்படியே வரும். மொனிட்டர் பழுதானால் பக்கத்து மேசைக்குப் போய் விட்ட வரியில் இருந்து தொடர்கிறேன். சத்தம் இல்லை, சூடு இல்லை. மேசைக்குக் கீழே கால் நீட்டலாம். பெட்டி பழுதானால் அலுமாரியில் இருந்து இன்னொன்றை எடுத்து நானே மாட்டுவேன், ஐந்து நிமிட வேலை.

பாமினி பற்றிப் பயம் வேண்டாம். எழுத்துருவைச் சேர்வரில் ஒரு தரம் போட்டால் எல்லோருக்கும் வரும். முன்பு ஒவ்வொரு மெஷினிலும் போட்டு, ஒன்றில் விட்டுப்போய், அந்த மெஷினில் திறந்த கடிதம் மட்டும் விளங்காத எழுத்தாக நிற்கும். அது இப்போது இல்லை. ஆனால் யூனிகோடில் அடிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: ரெங்கநாதன் என்ற தமிழ்க் கீபோர்டைப் பெட்டியிலும் சேர்வரிலும் இரண்டு இடத்திலும் வைத்தால் ஒன்றோடொன்று மோதி எழுத்து மாறி விழும். பெட்டியில் ஆங்கிலம் மட்டும் இருக்கட்டும். தமிழும் சிங்களமும் சேர்வரில் மாற்றிக்கொள்ளுங்கள். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மாதம் எடுத்தது.

பிரிண்டர்தான் உண்மையான தலையிடி. மேசையில் யூஎஸ்பியில் மாட்டிய பிரிண்டரைப் பெட்டி வழியாகச் சேர்வருக்குக் காட்டும்போது சில நாள் வரும், சில நாள் வராது. டொட் மெட்ரிக்ஸில் கடதாசி அளவும் மாறி, இன்வொய்ஸின் மொத்தத் தொகை அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். கடைசியில் ஒரு சின்னப் பிரிண்ட் சேர்வர் பெட்டி வாங்கி, பிரிண்டரை நேரே வலையமைப்பில் மாட்டினோம். அன்றோடு சரி. நீங்கள் முதல் நாளே அப்படிச் செய்யச் சொல்லுங்கள், மதிப்பீட்டிலும் சேர்க்கச் சொல்லுங்கள்.

வீடியோ கூட்டங்கள் சேர்வர் வழியாக வேண்டாம். ஒருவர் கூட்டத்தில் இருந்தால் மற்றவர்களுக்கு மவுஸ் இழுபடும். கூட்டத்துக்கென்று தனியாக ஒரு மடிக்கணனி வைத்திருக்கிறோம். அது சேர்வரோடு சேராது.

நீங்கள் பயப்படும் "ஒன்று விழுந்தால் எல்லோரும்" என்பது உண்மைதான். எங்களுக்கு 6 வருடத்தில் இரண்டு தரம் நடந்தது. இரண்டும் சேர்வரால் அல்ல, நெட்வேர்க் சுவிட்சால். இப்போது அதே மாதிரி இன்னொரு சுவிட்ச் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. மின்சாரத்துக்குச் சேர்வர், சுவிட்ச், ரௌட்டர் மூன்றுக்குமாக ஒரே பெரிய யூபிஎஸ். பேட்டரி குறைந்ததும் அதுவே சேர்வருக்குச் சொல்லி ஒழுங்காக நிறுத்தும். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று மோதி நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அன்றைக்கு அலுவலகத்தில் ஒருவரும் இல்லை. திங்கள் காலை வந்து பார்த்தால் சேர்வர் ஒழுங்காக நின்றிருந்தது, ஒரு கோப்பும் பழுதாகவில்லை. 2022இல் 13 மணித்தியாலம் வரை வெட்டிய நாட்களை நினைத்தால் இது எவ்வளவு நிம்மதி என்று உங்களுக்கே தெரியும்.

---

புதுக்கடை_11 எழுதியது:

லைசன்ஸ் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. மதிப்பீட்டில் இதைத்தான் முதலில் பாருங்கள். விண்டோஸ் சேர்வருக்கு ஒன்று, அதைத் தொடும் ஒவ்வொருவருக்கும் ஒன்று, தொலைத் திரையாக வேலை செய்ய ஒவ்வொருவருக்கும் இன்னொன்று. இந்த மூன்றாவதை விட்டுவிட்டு மலிவாகக் காட்டுவார்கள். முதல் 120 நாள் சலுகைக் காலம் இருப்பதால் எல்லாம் ஓடும், பிறகு ஒரு காலை ஒருவராலும் உள்ளே போக முடியாது. ஓஃபிஸும் அப்படித்தான். கடையில் பெட்டியில் வாங்கும் ஓஃபிஸை இப்படிப் பலர் பாவிக்கும் சேர்வரில் வைக்க அனுமதி இல்லை. பலருக்கு ஒரே மெஷினில் என்றே தனியான வகை வேண்டும். காசு இடிக்கிறது என்றால், கடிதம் மட்டும் அடிப்பவர்களுக்கு லிப்ரே ஓஃபிஸ் போதும்.

சிலர் சாதாரண விண்டோஸ் 10இல் ஒரு கோப்பை மாற்றி எல்லோரையும் உள்ளே விடலாம் என்பார்கள். வேண்டவே வேண்டாம். லைசன்ஸ் மீறல் ஒரு பக்கம், அந்த மாற்றும் மென்பொருளுக்குள்ளேயே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். பாதுகாப்புக்காகச் செய்யும் வேலையை அதில் தொடங்கக் கூடாது.

பழைய மெஷின்களை வீச வேண்டாம். ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு, வலையமைப்பில் இருந்தே லினக்ஸை ஏற்றி, ரெமினா என்ற தொலைத் திரை மென்பொருள் வழியாகச் சேர்வருக்குப் போகலாம். தின்ஸ்டேஷன், எல்டிஎஸ்பி இரண்டும் இதற்கென்றே உள்ளவை, இலவசம். மின்சாரம் மட்டும் புதுப் பெட்டியை விடக் கூடச் செலவாகும். நல்ல நிலையில் இருக்கும் எட்டு ஒன்பதை இப்படி மாற்றி, மிச்சத்துக்குப் புதுப் பெட்டி வாங்கலாம்.

---

வத்தளை_வீதி எழுதியது:

என்னுடைய அனுபவம் கசப்பானது. ஆனாலும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேர்வர் முறைக்கு மாறிய பிறகுதான் எங்களுக்கு அது நடந்தது.

2022 ஜூன் கடைசி. பெற்றோல் இல்லை. 27ஆம் திகதி, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்தார்கள். நீர்கொழும்பில் இருந்தும் கம்பஹாவில் இருந்தும் வருபவர்களால் வேலைக்கு வர முடியவில்லை. எங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே தின் கிளையன்ட் இருந்தது. வீட்டில் இருந்தும் அதே திரையைப் பார்க்கலாமே என்று யாரோ சொல்ல, கணனி பார்க்கும் ஆள் ரௌட்டரில் தொலைத் திரைக்கான வழியான 3389 போர்ட்டை வெளியே திறந்துவிட்டார். ஐந்து நிமிட வேலை. அன்று மாலையே எல்லோரும் வீட்டில் இருந்து வேலை செய்தார்கள். நாங்கள் அவருக்கு நன்றி சொன்னோம். கியூஆர் முறை வந்து பெற்றோல் ஓரளவு கிடைக்கத் தொடங்கியதும் எல்லோரும் அலுவலகத்துக்குத் திரும்பினோம். போர்ட்டை மூட ஒருவருக்கும் நினைவில்லை.

செப்டெம்பரில் ஒரு திங்கட்கிழமை எல்லாம் பூட்டிக் கிடந்தது. பிறகு பதிவேடுகளைப் பார்த்தால், 4625 என்ற இலக்கத்தோடு, அதாவது பிழையான பாஸ்வேர்டோடு உள்ளே வரப் பார்த்த முயற்சிகள், ஒவ்வோர் இரவும் ஆயிரக்கணக்கில். மாதக்கணக்காகத் தட்டியிருக்கிறார்கள். கடைசியில் வரவேற்பு மேசைக்கென்று வைத்த கணக்கு திறந்தது. அதன் பாஸ்வேர்ட் அலுவலகத்தின் பெயரும் 123உம். அந்தக் கணக்குக்கு நிர்வாகி உரிமையும் இருந்தது, ஏனென்றால் எப்போதோ ஒரு பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று கொடுத்திருந்தார்கள். பேக்கப் வட்டு சேர்வரிலேயே மாட்டியிருந்தது. அதுவும் போனது. கணக்காய்வுக்கு வந்தவர் ஜூலையில் எடுத்துப்போன பிரதியில் இருந்துதான் திரும்பத் தொடங்கினோம். என்னோடு வேலை செய்த ஒருவர் அந்த மாதம் வேலையை விட்டுப் போனார். அவருடைய பிழை எதுவும் இல்லை.

வீட்டில் இருந்து வேலை வேண்டும் என்றால் விபிஎன், அதாவது இணையத்துக்குள் பூட்டிய தனிப் பாதை, போடுங்கள்; அதற்கு வயர்கார்ட் என்ற மென்பொருள் போதும். அதற்கு மேல் கைத்தொலைபேசியில் வரும் இரண்டாவது குறியீடு. சில தரம் பிழையாக அடித்தால் கணக்கு பூட்டுப்பட வேண்டும். 3389ஐ இணையத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்குக்கூடத் திறக்க விடாதீர்கள். பாஸ்வேர்ட் பலமாக இருந்தாலும் போதாது. 2019 மே மாதம் இதே தொலைத் திரைச் சேவையில் வெளிவந்த புளூகீப் ஓட்டைக்குப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை.

---

மருதானை_சிஸ்டம் எழுதியது:

வத்தளை அண்ணா எழுதியதை உங்கள் முதலாளிக்கு அப்படியே வாசித்துக் காட்டுங்கள் அக்கா.

அவருடைய மடிக்கணனி விடயம் முக்கியம். மரியாதையாகவே சொல்லுங்கள்: அவர் எல்லா ஃபோல்டரையும் பார்க்கலாம், ஆனால் மற்றவர்களைப் போல சேர்வர் திரைக்குள் வந்து பார்க்கட்டும். மடிக்கணனியில் நேரடியாக எந்த ஃபோல்டரையும் இணைக்க வேண்டாம். அவரும் சாதாரணப் பாவனையாளராகவே இருக்கட்டும். நிர்வாகி பாஸ்வேர்டை ஓர் உறையில் போட்டு ஒட்டிப் பெட்டகத்தில் வைத்தால் அது அவருடைய கையில் இருப்பதாகத்தானே அர்த்தம். கம்பனியில் அதிகம் இழக்கக்கூடியவர் அவர்தான், தாக்குபவர்களும் அவருடைய பெயரைத்தான் முதலில் தேடுவார்கள். இப்படிச் சொன்னால் பெரும்பாலும் விளங்கிக்கொள்வார்கள்.

வாடிக்கையாளர் கொண்டு வரும் பென்ட்ரைவ்களுக்கு ஒரு தனி மெஷின், சேர்வரோடு சேராமல். பெட்டிகளில் பென்ட்ரைவ் சேர்வருக்குள் தெரியாதபடி, விண்டோஸில் எல்லோருக்கும் விதி போடும் குரூப் பொலிசியில் நிறுத்திவிடலாம். 14 பேருக்கு 64 ஜிபி ரேம் இருந்தால் வசதியாக ஓடும். அதிகம் தின்பது டேலி அல்ல, பிரவுசர். சேர்வரைக் கீழ் மாடியில் வைக்க வேண்டாம். ஒரு மணித்தியாலம் மழை பெய்தால் உங்கள் பக்கம் தண்ணீர் எங்கே நிற்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

---

கொட்டாஞ்சேனை_கணக்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று முதலாளியோடு ஒரு மணித்தியாலம் கதைத்தேன். வத்தளையில் இருந்து எழுதியதை வாசித்துக் காட்டியபோது அவர் ஒன்றும் பேசவில்லை, பிறகு "உறையில் போட்டு என்னிடம் தாருங்கள்" என்றார். மதிப்பீடு தந்தவரைத் திரும்பக் கூப்பிட்டு ஆப்லொக்கர், இரண்டு மெய்நிகர் சேர்வர், பிரிண்ட் சேர்வர், மூன்று வகை லைசன்ஸ் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். லைசன்ஸில் ஒரு வகை உண்மையிலேயே விடுபட்டிருந்தது. புது மதிப்பீட்டுக்கு ஒரு கிழமை கேட்டிருக்கிறார். இன்னும் இருவரிடமும் கேட்கப் போகிறேன்.

அது வரை காத்திருக்கவில்லை. இன்று இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, 1, 2 என்று ஒட்டி எழுதியாயிற்று. டேலி ஃபோல்டரை வார்ஃப் மெஷின்களில் இருந்து எடுத்துவிட்டோம். விண்டோஸ் 7 மெஷின் ஐந்தையும் வலையமைப்பில் இருந்து கழற்றினோம், அதில் இருந்தவர்கள் இப்போதைக்கு மேசையைப் பகிர்ந்து உட்கார்கிறார்கள். டிஸ்க் மாற்றும் பொறுப்பையும் அதை எழுதும் கொப்பியையும் அந்தப் பெடியனிடமே கொடுத்தேன். திகதி, டிஸ்க் இலக்கம், கையொப்பம் என்று மூன்று நிரல் கோடு போட்டு வைத்திருக்கிறான்.

---

மருதானை_சிஸ்டம் எழுதியது:

நல்லது அக்கா. அந்தக் கொப்பியில் நான்காவதாக ஒரு நிரல் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு கிழமையும் அந்த டிஸ்கில் இருந்து ஏதாவது ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துத் திறந்து பார்த்துவிட்டு, அதன் பெயரை அதில் எழுதட்டும்.